ஊர் வைத்த வாத்தியார், சர்க்கார் வைத்த வாத்தியார்

தாசில்தார் பள்ளி வாத்தியாருக்கு மாதம் 9 ரூபாய். கலெக்டர் பள்ளி வாத்தியாருக்கு 15 ரூபாய். சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1826 மார்ச்சில் எழுதிய கல்விக் குறிப்பில் இந்தக் கணக்கு இருக்கிறது. 9 ரூபாய் குறைவாகத் தோன்றினாலும், அதே அளவாவது பிள்ளைகளிடமிருந்தும் வாத்தியாருக்குக் கிடைக்கும் என்று அவரே சமாதானமும் சொல்லி வைத்தார். 1822-ல் அவர் உத்தரவிட்ட கணக்கெடுப்பில் மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகள் இருப்பது தெரியவந்திருந்தது. ஏறக்குறைய எல்லாமே ஊர்க்காரர்கள் தாங்களே வைத்துக்கொண்ட பள்ளிகள். அவற்றுக்கு மேலே சர்க்கார் செலவில் தாலுகாவுக்கு ஒரு பள்ளி வைப்பது மன்றோவின் திட்டம். 1827-ல் அவர் காலராவில் இறந்தார். திட்டமிட்டதில் ஒரு பகுதிதான் திறக்கப்பட்டது; அதையும் 1836-ல் மூடிவிட்டார்கள். பத்தே ஆண்டு. தொலைவிலுள்ள சிற்றூருக்குப் போய்ப் பாடம் சொல்லலாமா என்று யோசிக்கும் எவரும் இந்தப் பத்தாண்டுக் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. தாய்லாந்தின் மூலையில் இருக்கும் ஒரு சிற்றூரில் ஓராண்டு ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்று இன்று கணக்குப் போடும் பட்டதாரிக்கும் இது பொருந்தும். பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் முந்நூறு ஆண்டுச் சரித்திரத்தை எடுத்துப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது. வாத்தியாரின் சோறும் மானமும் ஊரைச் சார்ந்திருந்த இடத்தில் படிப்பு வேர் பிடித்தது. மேலிடத்தை மட்டும் சார்ந்திருந்த இடத்தில், மேலிடத்தின் மனம் மாறிய அன்றே அது போய்விட்டது.

இந்த வட்டாரம் மானாவாரி பூமி. தெற்கு எல்லையில் கொள்ளிடம் ஓடினாலும் உள்ளே போகப் போக வானம் பார்த்த கரிசலும் செம்மண்ணும்தான். 1995-ல் பெரம்பலூர் தனி மாவட்டம் ஆகும் வரை இது திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகோடித் தாலுகாக்கள். அரியலூருக்கு 2001-ல் கிடைத்த மாவட்டப் பெயர் அடுத்த ஆண்டே பறிபோய், 2007-ல்தான் திரும்பி வந்தது. பின்தங்கிய பகுதி என்ற சொல் இதன் மேல் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. படிப்பு இங்கே வெளியிலிருந்து வந்து சேர வேண்டிய சரக்கு என்ற எண்ணமும் அதோடு ஒட்டிக்கொண்டது. உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’ அந்த எண்ணத்தைக் கலைத்துவிடுகிறது. 1855-ல் பிறந்த, கும்பகோணம் பக்கத்து உத்தமதானபுரத்துக்காரரான அவருக்குத் தமிழ் ருசி ஏறியது காவிரிக்கரை நகரங்களில் அல்ல. அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று இந்த இரண்டு மாவட்டங்களின் சிற்றூர்களில்தான் அவர் தமிழ் படித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-ல் மாயூரத்தில் போய்ச் சேர்ந்தபோது அவர் வெறுங்கையோடு போகவில்லை. திருவிளையாடற் புராணமும் நன்னூலும் காரிகையும் இந்த மேட்டுநிலத்து ஊர்களிலேயே அவர் கைக்கு வந்திருந்தன.

அந்தப் படிப்பு நடந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். அரியலூர் ஜமீனின் ஆதரவில் இருந்தவர். குன்னத்துக்குக் குடிவந்தபோது அவர் இராமாயணக் கதை சொன்னார். ஊரார் இருக்க இடமும் உணவுக்கு வேண்டியதும் கொடுத்தார்கள். மகனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும் ஊர் எது என்று விசாரித்து விசாரித்துத்தான் அந்தக் குடும்பம் இடம் மாறிக்கொண்டிருந்தது. செங்கணத்து ரெட்டியார் சம்பளத்துக்குப் பாடம் சொன்னவர் அல்ல, நிலபுலமுள்ள விவசாயி. தமிழ் அவருக்குப் பொழுதுபோக்கு, பக்தி, கௌரவம் எல்லாம். தம்மால் இயன்ற மட்டும் காரிகை சொல்லிக்கொடுத்த அவர், இதற்கு மேல் படிக்க வேண்டுமானால் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம்தான் போக வேண்டும் என்று வழி காட்டினார். தன் எல்லை எது, அதற்கு அப்பால் யார் என்று தெரிந்த ஆசிரியர்கள் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாணவனை மாற்றிவிடும் ஏற்பாடு அது. அதற்கு இயக்குநரகம் இல்லை, ஆய்வாளர் இல்லை. ஊர் தன் கண் முன்னே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாடம் சொல்லத் தெரியாதவருக்கு அந்த ஊரில் அடுத்த போகத்து நெல் கிடைக்காது.

உள்ளூர்க்காரர்கள் உள்ளூருக்குப் பாடம் சொன்னதில் அதிசயம் இல்லை என்று தோன்றலாம். வெளியாளுக்கு இந்த விதி பொருந்துமா என்பதற்கு, கொள்ளிடத்தின் வடகரையில் திருமானூர் பக்கத்து ஏலாக்குறிச்சி சாட்சி சொல்கிறது. இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-ல் பிறந்த கொன்ஸ்தான்சோ பெஸ்கி, நாம் வீரமாமுனிவர் என்று அழைப்பவர், ஏசு சபைத் துறவியாக 1710-ல் கோவாவில் வந்து இறங்கினார். தமிழ்நாட்டுக்கு வந்து பல ஊர்களில் இருந்த பின் ஏலாக்குறிச்சியைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டு, அதற்குத் திருக்காவலூர் என்று பெயர் வைத்தார். அந்த ஊர் மேல் ஒரு கலம்பகமும் பாடினார். அவர் சொல்லிக்கொடுக்க வந்தது மதம். ஆனால் சொல்லிக்கொடுக்கும் முன் சுப்பிரதீபக் கவிராயரிடம் உட்கார்ந்து தமிழ் கற்றார் என்பது மரபு. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி, ஐந்திலக்கணம் சொல்லும் தொன்னூல் விளக்கம், 1732-ல் முடித்த சதுரகராதி எல்லாம் அதற்குப் பிறகுதான். அரியலூர் அரங்கப்ப மழவராயரின் ராஜபிளவைக் கட்டியை அவர் குணப்படுத்தியதாகவும், அதற்கு நன்றியாக மழவராயர் கோயிலுக்கு நிலம் விட்டதாகவும் ஊரில் இன்றும் சொல்கிறார்கள். வைத்தியமும் வழக்கும் கல்யாணமும் சாவும் நடக்கிற ஊருக்குள் அவரும் ஒருவராக இருந்ததன் அடையாளம் இந்தக் கதை.

அவர் விட்டுப்போனதில் மிகச் சிறியதும் மிகப் பெரியதும் ஒன்றே. ஏலாக்குறிச்சி என்ற பெயரை ஒருமுறை எழுதிப் பாருங்கள். முதல் எழுத்தான ஏ-யின் அடியில் ஒரு கால் நீள்கிறது அல்லவா? பழைய வழக்கில் அந்தக் கால் கிடையாது. எ என்று எழுதினால் நெடில். அதன் தலையில் புள்ளி வைத்தால் குறில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டுவிடுவது எழுதுவோர் வழக்கம். அதனால் குறில் எது, நெடில் எது என்பதை இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. தமிழ் தெரிந்தவருக்கு அது தடையே இல்லை. புதிதாகப் படிப்பவருக்கோ வரிக்கு வரி முட்டுக்கட்டை. ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவம் கொடுத்து அந்த முட்டுக்கட்டையை எடுத்தவர் என்று வீரமாமுனிவரைச் சொல்கிறோம். அந்தச் சிரமம் அந்நியராக வந்து தட்டுத்தடுமாறிப் படித்தவர் கண்ணில் படக்கூடியது. சொல்லிக்கொடுக்க மட்டுமே வந்திருந்தால் அவர் அதைக் கண்டிருக்கவே மாட்டார். மாணவனாக இருந்து பெற்றதை ஆசிரியராக இருந்து திருப்பிக் கொடுத்தார் என்பதே இதன் சாரம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஐரோப்பியர் தமிழ் படிப்பதற்காக அவர் லத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் அவர் வாழ்நாளெல்லாம் எதிர்த்து வாதாடிய லுத்தரன் சபையார். செந்தமிழ் இலக்கணத்தை பி. ஜி. பாபிங்டன் 1822-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். அதே ஆண்டில் பரமார்த்த குரு கதையும் லண்டனில் ஆங்கிலத்தோடு வெளியானது. சதுரகராதி 1824-ல் சென்னையில் அச்சேறியது. சென்னைக் கோட்டைக் கல்லூரியில் தமிழ்த் தேர்வு எழுத வேண்டியிருந்த கம்பெனி உத்தியோகஸ்தர்களுக்கு இவை கைநூல்கள். ஆகவே, அரியலூர்ப் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பதற்கு வெகுகாலம் முன்பே, அரியலூர்ப் பக்கம் வாழ்ந்தவரின் நூலைக் கொண்டு ஆங்கிலேயர் தமிழ் படித்துக்கொண்டார்கள். பிறகு நிலத்தையும் படித்தார்கள். எச். எஃப். பிளான்ஃபோர்டு 1860-களில் இங்குள்ள கிரெட்டேசியஸ் காலப் பாறைகளை ஆராய்ந்து எழுதியபோது, அவற்றின் ஓர் அடுக்குக்கு ‘அரியலூர்’ என்றே பெயர் நின்றது. உலகப் புவியியல் புத்தகங்களில் இந்த ஊர்ப் பெயர் ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. ஊருக்குள் அதை வாசிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? ஆங்கிலம் இந்த மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டதற்கு ஈடாக ஒரு பள்ளிக்கூடத்தைக்கூட வைக்க அவசரப்படவில்லை.

அதற்குக் காரணம் 1836-ல் இருக்கிறது. அதற்கு முந்தின ஆண்டு மெக்காலேயின் குறிப்பு வெளியானது. ஆங்கிலக் கல்விக்கே பணம் என்று கொள்கை மாறியதும், தாய்மொழியில் நடந்த தாலுகாப் பள்ளிகள் வீண்செலவாகப் பட்டன. மூடினார்கள். அந்தப் பணத்துக்கு ஆங்கிலப் பள்ளியாவது தாலுகாவுக்கு வந்ததா? 1841-ல் ஓர் உயர்நிலைப் பள்ளி சென்னைப் பட்டணத்தில் வந்தது. கும்பகோணத்தில் 1854-ல் மாகாணப் பள்ளி திறந்தது. பிற்காலத்தில் அதுவே கல்லூரி. குன்னத்துப் பையனுக்கு ஆங்கிலம் வேண்டுமென்றால் கொள்ளிடத்தைக் கடந்து கும்பகோணத்துக்கோ திருச்சிக்கோ போய்த் தங்க வேண்டும். ஆங்கிலம் படித்தால் இம்மைக்கு நல்லது, வடமொழி படித்தால் மறுமைக்கு நல்லது, தமிழால் இரண்டும் இல்லை என்று உ. வே. சா.வின் தந்தைக்கு அந்நாளில் யோசனை சொன்னவர்கள் இருந்தார்கள். இம்மைக்கான படிப்பு எங்கே கிடைக்கும் என்பதுதான் சிக்கல். மேலிடம் வைத்த வாத்தியாரை மேலிடமே எடுத்துக்கொண்டது. ஊர் வைத்திருந்த வாத்தியாரிடம் ஆங்கிலம் இல்லை. இடையில் கிடந்த பள்ளம்தான் பின்னால் ‘பின்தங்கிய பகுதி’ என்று பெயர் வாங்கியது.

இதற்கு வரும் முதல் மறுப்பு வலுவானது. ஊர் வைத்த வாத்தியார் யாருக்குப் பாடம் சொன்னார்? மன்றோ காலத்துக் கணக்குகளைத் தொகுத்து 1983-ல் தரம்பால் வெளியிட்ட நூல், தமிழ்ப் பகுதிப் பள்ளிகளில் பிராமணர் அல்லாத பிள்ளைகளே மிகுதி என்று காட்டியது. அது பலரின் முன்முடிவை உடைத்தது உண்மை. ஆனாலும் சேரிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இல்லை. பெண் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும்படியே இருந்தார்கள். வாத்தியாரின் சோறு ஊர் கையில் இருந்தால், யாரை உட்கார வைப்பது என்பதும் ஊர்ப் பெரியதனக்காரர் கையில்தான். அந்தக் கதவை உடைத்தது சர்க்கார் சம்பளம். 1920-களில் தொழிலாளர் துறை திறந்த ஆதிதிராவிடர் பள்ளிகளும், காமராஜர் ஆட்சியில் ஊர்தோறும் வந்த பள்ளிகளும் மதிய உணவும் மேலிடத்திலிருந்து வந்தவைதாம். ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவற்றில் பல வந்தே இருக்காது. ஆகவே சம்பளம் ஊரிடமிருந்து வர வேண்டும் என்று இன்று யாரும் வாதாட முடியாது, நானும் வாதாடவில்லை. சம்பளம் அரசிடமிருந்து வரட்டும். வாத்தியாரின் வாழ்க்கை ஊருக்குள் இருக்க வேண்டும் என்பதே மிஞ்சும் கோரிக்கை. அரசுப் பள்ளி கொண்டுவந்த நீதியையும் குன்னம் காட்டிய நெருக்கத்தையும் சேர்த்து வைக்க முடியாது என்பதற்குச் சரித்திரத்தில் ஆதாரம் இல்லை.

இரண்டாவது மறுப்பு, ஆங்கிலமே எதற்கு என்பது. இந்த வட்டாரத்தில் இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. கீழப்பழுவூர் சின்னசாமி, இந்தித் திணிப்பை எதிர்த்து 1964 ஜனவரி 25-ல் திருச்சி ரயில் நிலையத்தில் உயிரை விட்டவர், இந்த மண்ணின் பிள்ளை. அவர் உயிர்விட்டது தமிழுக்காக. அந்தப் போராட்டம் 1965-ல் மாநிலமெங்கும் பரவி, 1968 ஜனவரியில் சட்டசபை இருமொழிக் கொள்கையை ஏற்றபோது, தமிழோடு ஆங்கிலமும் ஒவ்வொரு பள்ளியிலும் உறுதியாயிற்று. உறுதியானது பாடப்புத்தகமும் பரீட்சையும்தான். கற்பிக்கும் ஆளை எந்தத் தீர்மானமும் உறுதி செய்ய முடியாது. கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் இடம் தேடும் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் குடும்பம் உண்டு. ஆனால் மனத்தால் பேருந்து நிலையத்திலேயே நிற்கும் ஆசிரியரிடம் ஒரு பிள்ளை என்ன மொழி கற்கும்? மெமரி போயமும் கட்டுரை நோட்டும் தேர்வுக்குப் போதும்; பேச்சுக்குப் போதாது. 2012-13-ல் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழி வகுப்புகள் வந்தன. பயிற்றுமொழியை ஓர் அரசாணை மாற்றிவிடலாம். பயிற்றுகிறவரின் நாவை மாற்ற அதனால் ஆகாது. ஆங்கிலம் தேவையா என்பதற்குப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் படுத்திருக்கும் கல்மரம் பதில் சொல்லும். 18 மீட்டர் நீளம், சுமார் 12 கோடி ஆண்டு வயது. புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-ல் அதை அடையாளம் கண்டார். தமிழரான அவர் இந்தியப் புவியியல் பற்றி எழுதிய பெருநூல் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தன் ஊர்க் கல்லைப் பற்றி ஆய்வாளர்கள் எழுதியதைப் படிக்க, சாத்தனூர்ச் சிறுமிக்கு ஆங்கிலம் வேண்டும். அது எல்லாம் தமிழில் வர வேண்டும் என்பது நியாயமே. தமிழில் கொண்டுவருவதற்கும் இரண்டு மொழியும் அறிந்த ஒருத்தி இந்த ஊரிலிருந்து வர வேண்டும்.

மூன்றாவது மறுப்புதான் தாய்லாந்துக்குப் போக நினைப்பவர் சொல்வது. ஓராண்டு இருந்தாலும் போதாதா, பிள்ளைகள் காதில் நல்ல உச்சரிப்பு விழுமே என்பார்கள். வெளிநாட்டு முகத்துக்குச் சம்பளம் கொடுக்கும் வழக்கம் அங்கே பழையது. மன்னர் மோங்குட் 1862-ல் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரவழைத்த அன்னா லியோனோவென்ஸ், தம்மை வேல்ஸ் நாட்டுப் பெண் என்று சொல்லிக்கொண்டார். பிறந்தது நம் அகமதுநகரில், 1831-ல். பாங்காக்கில் யாரும் வித்தியாசம் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. உச்சரிப்பின் விலை அவ்வளவுதான். ஆனால் அவர் ஐந்தாண்டு தங்கினார் என்பதை மறக்கக் கூடாது. தங்காத மொழிக்கு என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்திலேயே தமிழ்தான் சாட்சி. அங்குள்ள தக்குவாபா என்ற சிற்றூரில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அவனிநாரணம் என்ற குளம் வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தாரின் அடைக்கலம் என்பதையும் சொல்கிறது. 1025-ல் ராஜேந்திர சோழனின் படையெடுப்பைப் பாடும் மெய்க்கீர்த்தி குறிப்பிடும் தலைத்தக்கோலம் இந்தப் பகுதியே என்பது அறிஞர் பலரின் கருத்து. அவன் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இருப்பது இதே அரியலூர் மாவட்டத்தில். குளம் வெட்டி வாழ்ந்த வணிகர்கள் போனார்கள், மொழியும் போயிற்று. பாங்காக் அரண்மனை அந்தணர்கள் ஓதும் திரியம்பாவையில் திருவெம்பாவையின் எச்சம் இருப்பதைத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் அடையாளம் கண்டார். ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது. மொழி மந்திரமாகிவிட்டது. ஆண்டுக்கு ஓர் ஆசிரியர் மாறும் பள்ளியில் ஆங்கிலமும் அப்படித்தான் ஓதப்படும்.

வீரமாமுனிவருக்கு ஒரு சபையும் ஒரு நம்பிக்கையும் பின்னால் இருந்தன, சம்பளத்துக்குப் போகிற இளைஞரிடம் வாழ்நாளைக் கேட்பது அநியாயம் என்று சொன்னால், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். யாரும் வாழ்நாளைக் கேட்கவில்லை. குன்னத்திலும் செங்கணத்திலும் ஒரு மாணவன் சில மாதங்களும் சில ஆண்டுகளும்தான் படித்தான். ஆனால் அங்கே இருந்த ஆசிரியர் அங்கேயே இருந்தார். அடுத்து யாரிடம் போக வேண்டும் என்றும் அவருக்குத் தெரியும். ஆகவே, போகலாமா என்று கேட்பவருக்குப் பெரம்பலூர், அரியலூர்ச் சரித்திரம் சொல்லும் விடை நேரானது. ஓராண்டு ஒப்பந்தத்தோடு, ஊர் மொழி ஒரு சொல்லும் படிக்காமல், தமக்குப் பின் யார் என்று தெரியாமல் போவதானால் போக வேண்டாம். அதற்கு ஆகும் பணத்தில் உள்ளூர்ப் பெண் ஒருத்தியை ஆங்கிலம் படிக்க அனுப்பினால் அவள் முப்பது ஆண்டு பாடம் சொல்வாள். குறைந்தது மூன்று ஆண்டு தங்கி, முதல் ஆண்டை மாணவராகக் கழித்து, கடைசி ஆண்டில் ஓர் உள்ளூர் ஆசிரியரைத் தயாராக்கிவிட்டு வர மனமிருந்தால், தாராளமாகப் போகலாம். கூப்பிடும் ஊரும் வருகிறவரிடம் எந்த நாடு என்று கேட்பதை விட்டு, எத்தனை ஆண்டு என்று முதலில் கேட்கட்டும்.